தாய்க்கு மட்டும் திறந்த கதவு: இரு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்தின் மகளிர் நல நிலையங்கள்

பிரிட்டனின் உழைக்கும் மக்களுக்கு அரசின் வழியாக மருத்துவ வசதி கிடைக்கச் செய்த முதற்பெரும் முயற்சி என்று 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டத்தை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அப்போற்றுதலில் பிழையில்லை. ஆயினும் வாரந்தோறும் சந்தா கட்டிய தொழிலாளிதான் ‘பேனல் டாக்டர்’ எனப்பட்ட, காப்புறுதிப் பட்டியலில் பெயர் பதிந்த மருத்துவரிடம் கட்டணமின்றிச் செல்ல முடிந்தது. கூலி வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்த அவன் மனைவிக்கு அந்த உரிமை கிடையாது. அவளுக்குச் சட்டம் தந்தது குழந்தை பிறக்கும்போது 30 ஷில்லிங் பேறுகாலப் பணம் மட்டுமே. காய்ச்சலோ, இரத்தசோகையோ, ஆண்டுக்கணக்கான இடுப்பு வலியோ எதுவானாலும் அவள் கைக்காசைக் கொடுத்தே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. வாடகை, நிலக்கரி, ரொட்டி, பிள்ளைகளின் காலணி ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னரே தன் உடம்பை எண்ணிய ஒருத்தியிடம் அதற்கான காசு மிஞ்சுவது அரிது. 1918க்கும் 1939க்கும் இடையே இங்கிலாந்தின் நகரங்களில் உள்ளாட்சிகளும் தன்னார்வக் குழுக்களும் நடத்திய மகளிர் நல நிலையங்கள் இந்த இடைவெளியில் முளைத்தவை. அவற்றை நடத்தியவர்களுக்கு மருத்துவ அறிவைக் காட்டிலும் பெரிய சிக்கலாக இருந்தது, எந்தப் பெண்ணை எந்தக் காரணத்துக்காக உள்ளே விடலாம் என்ற விதியே என்பது இவ்வுரையின் கருத்து.

போர் முடியும் தறுவாயில் 1918இல் நிறைவேறிய தாய்சேய் நலச் சட்டம், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், பள்ளி செல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கு ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தும் மன்றம் அதற்கெனத் தனிக் குழு ஒன்றை அமைக்க வேண்டும், அக்குழுவில் பெண்கள் இருவரேனும் இருக்க வேண்டும் என்பது விதி. செலவில் பாதியை நடுவண் அரசு மானியமாகத் தந்தது. போரில் இளைஞர்களை இழந்த நாடு பிறக்கும் குழந்தைகளைக் காக்க முனைந்ததே இந்தத் தாராளத்தின் பின்னணி. தாயைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் குழந்தையைக் காக்கும் நோக்கத்தின் துணை விளைவாகவே சட்டத்தில் இடம்பெற்றது. அதோடு, பொது மருத்துவர்களின் தொழில் பாதிக்கப்படலாகாது என்பதற்காக, வீடு தேடிச் சென்று வைத்தியம் பார்க்கும் பொதுவான மருத்துவர் சேவை எதையும் இச்சட்டத்தைக் கொண்டு உள்ளாட்சிகள் தொடங்கக் கூடாது என்ற தடையும் அதிலேயே எழுதப்பட்டது. சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் இழுத்துப் பிடித்தது.

இந்நிலையங்களில் பல சொந்தக் கட்டடம் இல்லாதவை. தேவாலயக் கூடத்தையோ, பொது மண்டபத்தின் ஓர் அறையையோ வாரத்தில் ஒரு பிற்பகலுக்கு வாடகைக்கு எடுத்து, மடக்கு நாற்காலிகளைப் பரப்பி, குழந்தை எடை பார்க்கும் கூடைத் தராசை மேசைமேல் வைத்தால் நிலையம் தயாராகிவிடும். பிற்பகலைத் தேர்ந்தது தற்செயல் அன்று. கணவன் வேலைக்கும் மூத்த பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருக்கும் அந்த இரண்டு மணி நேரமே தாய்க்குக் கிடைத்த ஓய்வு. வாயிலில் தன்னார்வப் பெண்மணி ஒருவர் பெயர் பதிவார். மற்றொருவர் தேநீர் கலப்பார். பால்மாவு அடக்க விலைக்கு விற்கப்படும். வீடுவீடாகச் சென்று தாய்மாரைக் கண்டு அறிவுரை கூறும் பயிற்சி பெற்ற ‘ஹெல்த் விசிட்டர்’, தான் அழைத்து வந்தவர்களை மருத்துவரிடம் அனுப்புவார். திரைக்குப் பின்னால் மருத்துவர் கருவுற்ற பெண்ணின் வயிற்றைத் தொட்டுக் கருவின் கிடையை அறிவார். இடுப்பெலும்பின் அகலத்தைக் கவையளவியால் அளப்பார். சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சி, அது வெண்மையாகத் திரிகிறதா என்று பார்ப்பார். திரிந்தால் அதில் ஆல்புமின் என்னும் புரதம் கலந்திருக்கிறது என்று பொருள். பேறுகால வலிப்பு வரக்கூடும் என்பதற்கு அது முன்னறிகுறி. இச்சோதனைகளை எப்போது செய்வது என்பதற்கு 1929இல் சுகாதார அமைச்சகம் ஓர் அட்டவணை வகுத்தது: முதல் வருகை 16ஆம் வாரத்தில், பின்னர் 24, 28ஆம் வாரங்களில், அதன்பின் 36ஆம் வாரம்வரை இரு வாரத்துக்கொரு முறை, பின்பு பேறுவரை வாரந்தோறும். ஆய்வுச் சான்றைவிட நிர்வாக வசதியே இவ்வட்டவணைக்குப் பெரிதும் அடிப்படையாக இருந்தது என்ற ஐயத்துக்கு இடமுண்டு. எனினும் பல தலைமுறைகளுக்கு அதுவே கர்ப்பகாலக் கவனிப்பின் இலக்கணமாக நின்றது.

வைத்தியம் என்ற சொல்லுக்கு முன் நிலையம் நின்றுவிட வேண்டும் என்பதுதான் இதில் விந்தை. மருத்துவர் சோதிப்பார், அறிவுரை சொல்வார், ஆனால் மருந்தெழுதுவது பெரும்பாலும் அவர் வேலையன்று. குறை கண்டால் அந்தப் பெண்ணை அவளுடைய சொந்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சொந்த மருத்துவர் என்று ஒருவர் இல்லாததால்தான் அவள் அங்கே வந்தாள் என்பதை விதி கணக்கில் கொள்ளவில்லை. அப்பகுதியின் பொது மருத்துவர்களோ, நிலையம் தம் வருமானத்தில் கை வைக்கிறது என்று கருதி, அங்கிருந்து வந்த குறிப்பைச் சட்டை செய்யாமல் விடுவதும் நடந்தது.

இவ்வாறு சோதனை ஒரு கையிலும் பிரசவம் வேறொரு கையிலுமாகப் பிரிந்திருந்ததன் விளைவைப் புள்ளிவிவரம் காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1000 பிறப்புகளுக்கு 150ஐ ஒட்டியிருந்த சிசு மரணம், 1930களின் இறுதியில் 50ஐ நெருங்கும் அளவுக்குக் குறைந்தது. தாய்மார் மரணமோ 1000 பிறப்புகளுக்கு 4 என்ற அளவைச் சுற்றியே நின்று, 1934வரை சற்றே ஏறியது. நிலையங்கள் பெருகின, வருகை பெருகியது, சாவு குறையவில்லை. கர்ப்பகாலக் கவனிப்பால் எதிர்பார்த்த பயன் கிட்டியதா என்ற கேள்வியை 1932இல் லண்டன் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் எஃப். ஜே. பிரவுன் வெளிப்படையாகவே எழுப்பினார். தம் துறையின் பெருமைக்குரிய சாதனையைத் தாமே ஐயுற்ற அந்த நேர்மை அரிது. அதே ஆண்டு தன் இறுதி அறிக்கையை அளித்த அரசின் ஆய்வுக்குழு, ஆராய்ந்த மரணங்களில் ஏறத்தாழப் பாதி தவிர்த்திருக்கக் கூடியவை என்று கண்டது. அம்மரணங்களில் பெரும்பங்கு பிரசவ ஜன்னியால் நேர்ந்தது. பிரசவத்தின்போது கருப்பையில் கிருமி புகுவதால் வரும் இக்காய்ச்சலைக் கர்ப்பகாலச் சோதனை எதுவும் முன்கூட்டிக் காட்டாது. பிரசவம் பார்ப்பவரின் கையும் கருவியுமே அதைத் தீர்மானிக்கும். அவசரப்பட்டு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும் பழக்கம் மருத்துவர்களிடையே பரவியிருந்த காலம் அது. மருத்துவருக்குப் பணம் கொடுக்க வசதியுள்ள மேல்தட்டுப் பெண்களின் மரண விகிதம், மருத்துவச்சியை நம்பிய ஏழைப் பெண்களுடையதைவிடக் குறைவாக இல்லாமல் சற்று மிகுந்தே இருந்ததற்கு இதுவே காரணம் என்று பிற்கால மருத்துவ வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக அர்வின் லவுடன், விளக்கியுள்ளனர்.

நிலையம் என்ற கட்டடத்தைவிட அதை நடத்தும் முறை எவ்வளவு முதன்மையானது என்பதற்கு லங்காஷயரின் பஞ்சாலை நகரமான ராச்டேல் சான்று. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்மார் மரணத்தில் நாட்டிலேயே மிக மோசமான இடங்களுள் ஒன்றாக அந்நகரம் இருந்தது; அங்கே விகிதம் தேசியச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. 1930இல் நகரச் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ டாப்பிங் புதிய மருந்து எதையும் கொண்டுவரவில்லை; அப்போது அத்தகைய மருந்தும் இல்லை. அவர் பொதுக்கூட்டங்களில் பேசி, செய்தித்தாள்களில் இறப்புக் கணக்கை மறைக்காமல் வெளியிட வைத்து, பெண்களைக் கருவுற்ற தொடக்கத்திலேயே நிலையத்துக்கு வரத் தூண்டினார்; மருத்துவர்களையும் மருத்துவச்சிகளையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, தேவையற்ற ஆயுதப் பிரசவத்தைத் தவிர்க்கவும், சிக்கல் கண்டவுடன் மகப்பேறு வல்லுநரை அழைக்கவும் இசைவித்தார். பஞ்சாலைகள் மூடிக் கிடந்தன, வறுமை அப்படியே இருந்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள் மரண விகிதம் தேசியச் சராசரிக்கும் கீழே இறங்கியது. வறுமை ஒன்றே தாய்மாரைக் கொன்றது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை ராச்டேல் உணர்த்துகிறது. அதிகாரியின் அலட்சியத்துக்கு வறுமையைச் சாக்காகக் காட்ட முடியாது என்பதையும் அது உணர்த்துகிறது.

நிலையங்களில் பணிபுரிந்த மருத்துவர்களில் பலர் பெண்கள். பெரிய மருத்துவமனைகளின் உயர்பதவிகள் அவர்களுக்கு மூடியிருந்ததால், உள்ளாட்சியின் தாய்சேய் நலப் பணியே அவர்களுக்கு எட்டிய நிலையான வேலை. அதிலும் மணம் செய்துகொண்டால் பதவி போய்விடும் என்ற விதி பல மன்றங்களில் நடைமுறையில் இருந்தது. லண்டனின் செயின்ட் பங்க்ராஸ் பகுதியில் தாய்சேய் நலப் பிரிவில் பணியாற்றிய பெண் மருத்துவர் ஒருவர் 1921இல் மணமானதற்காகவே நீக்கப்பட்டார். தாய்மைக்கு அறிவுரை கூறும் பணிக்கு மனைவியாகாதவளே தகுதியுடையவள் என்று ஒரு மன்றம் கூடித் தீர்மானித்ததைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தடுத்த பிள்ளைப்பேற்றால் தளர்ந்து நிலையத்துக்கு வரும் பெண் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: இனிப் பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வது? இக்கேள்விக்கு நகராட்சி நிலையத்தில் விடை சொல்வது தடுக்கப்பட்டிருந்தது. லண்டனின் வடபுறத்தில் உள்ள எட்மன்டனில், கருத்தடை ஆலோசனை கிடைக்கும் இடத்தின் முகவரியைத் தாய்மாருக்குச் சொன்ன குற்றத்துக்காக எலிசபெத் டேனியல்ஸ் என்ற ஹெல்த் விசிட்டர் 1922 டிசம்பரில் வேலையிழந்தார். சாதனம் எதையும் அவர் கொடுக்கவில்லை. சொன்னது வெறும் முகவரி. 1924இல் முதன்முறையாக ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சர் ஜான் வீட்லியிடம் கருத்தடை ஆலோசனைக்காகப் போராடிய டோரா ரஸ்ஸல் உள்ளிட்டோர் தூது சென்று முறையிட்டபோது, நாடாளுமன்றத்தின் தெளிவான அனுமதியின்றிப் பொதுப்பணத்தில் நடக்கும் நிலையங்களில் அவ்வாலோசனை வழங்கலாகாது என்று அவர் மறுத்தார். ஏழைகளின் தோழராக அறியப்பட்ட அவர், பொதுப்பணத்தில் தாம் மறுத்ததை வசதியுள்ள பெண்கள் தனி மருத்துவரிடம் பணம் கொடுத்துப் பெறுகின்றனர் என்பதை அறியாதவர் அல்லர்.

நகராட்சி மூடிய கதவைத் தன்னார்வ நிலையங்கள் திறந்தன. தாவரவியல் அறிஞரும் மருத்துவப் பட்டம் பெறாதவருமான மேரி ஸ்டோப்ஸ் 1921 மார்ச்சில் லண்டனின் ஹாலோவே பகுதியில் தாய்மார் நிலையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் மால்தூசியச் சங்கம் வால்வொர்த் பகுதியில் மற்றொன்றைத் தொடங்கியது. 1877இல் நிறுவப்பட்ட அச்சங்கத்தின் முதற்செயலாளர், பின்னாளில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகத் தமிழகம் நன்கறிந்த அன்னி பெசன்ட் அம்மையாரே என்பதும், அச்சங்கத்தின் கருத்துகள் 1882இலேயே சென்னையில் ‘இந்து மால்தூசியச் சங்கம்’ என்ற பெயரில் வேர்விட முயன்றதும் இங்கே நினைக்கத்தக்கவை. ஸ்டோப்ஸும் மால்தூசியரும் ஏழைப் பெண்ணின் துயரை மட்டும் எண்ணிச் செயல்பட்டனர் என்று சொல்வதற்கில்லை. ஏழைகள் குறைவாகப் பெற வேண்டும் என்ற பொருளாதாரக் கோட்பாடு ஒரு தரப்புக்கும், இனமேம்பாடு என்ற பெயரில் தகுதியுள்ளோர் மட்டுமே பெருக வேண்டும் என்ற ஆபத்தான கொள்கை மற்றொரு தரப்புக்கும் உந்துதலாக இருந்தன. ஸ்டோப்ஸ் தம் சங்கத்தின் பெயரிலேயே இன முன்னேற்றம் என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் நிலையத்துக்கு வந்த பெண் கோட்பாட்டைக் கேட்டு வரவில்லை.

மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் 1926இல் தொடங்கிய தாய்மார் நிலையத்தின் வரலாறு, இத்தகைய நிலையங்களை நடத்துவதன் நடைமுறையை நன்கு காட்டுகிறது. அதை நிறுவியவர்களுள் முதன்மையானோர் இருவர்: ஒருவர் பொருளியல் அறிஞரான மேரி ஸ்டாக்ஸ், மற்றவர் மருத்துவச்சிப் பயிற்சி பெற்று, முதல் உலகப் போரின்போது பிரான்சின் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் பணியாற்றித் திரும்பிய காரிஸ் ஃபிராங்கன்பர்க். நெருக்கடியான தொழிலாளர் குடியிருப்பு நிறைந்த கிரீன்கேட் பகுதியில், இறைச்சி ‘பை’ விற்கும் கடையின் மாடியில் அவர்கள் அறை பிடித்தனர். மாவுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்ட அந்தப் பண்டம் ஏழைகளின் அன்றாட உணவாதலால், அவ்வழியே நுழையும் பெண் எங்கே போகிறாள் என்று அண்டை வீட்டார் கேட்டால் பை வாங்கப் போனேன் என்று சொல்லிவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்த ஊரில் இந்த மறைவு சிறிய வசதியன்று. நன்கொடையும் நண்பர்களின் சந்தாவுமே நிலையத்தின் முதல். மருத்துவரும் மருத்துவத் தாதியும் குறிப்பிட்ட பிற்பகல்களில் வந்தனர். அலுவலக வேலையைத் தன்னார்வலர் பார்த்தனர்.

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் கொடுத்தது கருப்பை வாயை மூடும் ரப்பர் தொப்பியோ, அதைவிட அகலமான டயஃப்ரம் என்னும் வளையத்தகடோ ஆகும். சரியான அளவைத் தேர்ந்து, தானே பொருத்திக்கொள்ளக் கற்பித்து, மறுமுறை வரவழைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரே அறையில் பிள்ளைகளோடு உறங்கி, முற்றத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, கழிப்பறையை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட ஒருத்திக்கு அச்சாதனம் எவ்வளவு தொல்லை என்பது நிலையத்து மருத்துவருக்கு மெல்லவே புரிந்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதப்பட்டது: வயது, கணவனின் தொழில், கூலி, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உயிரோடு இருக்கும் பிள்ளைகள், இறந்தவை, கலைந்தவை. கேம்பிரிட்ஜில் 1925இல் தொடங்கிய நிலையத்தின் அட்டைகளைக் கொண்டு, அங்கு வந்த பெண்களை மீண்டும் தேடிச் சென்று விசாரித்த லெல்லா செகார் ஃபிளாரன்ஸ், 1930இல் வெளியிட்ட நூலில், கற்பித்த முறையைக் கைவிட்டவர் மிகப் பலர் என்ற கசப்பான உண்மையை மறைக்காமல் எழுதினார். தாம் முன்னின்று நடத்திய இயக்கத்தின் குறையை எதிரிகளுக்குப் பயன்படும் என்று அஞ்சாமல் அச்சேற்றிய அந்நூல், அக்காலத்தில் வெளிவந்த பிரசார நூல்கள் பலவற்றைவிட மதிப்புடையது.

1930இல் நிலைமை பாதி மாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய மாநாட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் மகளிர் அமைப்புகளும் வற்புறுத்தியதை அடுத்து, சுகாதார அமைச்சகம் ஜூலையில் 153 என்னும் எண்ணுள்ள குறிப்பாணையைப் பிறப்பித்தது. மணமான பெண்ணுக்கு மேலும் ஒரு கர்ப்பம் உடல்நலக் கேட்டை விளைவிக்கும் என்ற நிலையில் மட்டும், நகராட்சி நிலையங்களில் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்று அது அனுமதித்தது. அமைச்சகம் அக்குறிப்பாணையைப் பறைசாற்றவில்லை. கேட்டவருக்குக் கொடுத்தது, அவ்வளவே. அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தாததால், பல மன்றங்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டின. செயல்பட்ட இடங்களிலோ, உடல்நலம் என்ற சொல்லின் எல்லையை எங்கே வரைவது என்பது மருத்துவரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாயிற்று. காசநோயும் இதயநோயும் ஐயமின்றி உள்ளே வந்தன. ஆறு பிள்ளை பெற்றுக் களைத்தவளின் களைப்பு நோயா அன்றா என்பதற்கு ஊருக்கு ஒரு விடை இருந்தது. தாராள மனமுள்ள மருத்துவர் இரத்தசோகை என்று எழுதிக் கதவைத் திறந்தார். அது பெரும்பாலும் பொய்யும் அன்று.

கருவுறாத, பாலூட்டாத, கருத்தடையும் கேட்காத பெண் ஒருத்தி நோயுற்றால் அவளுக்கு எந்தக் கதவு? வடகென்சிங்டனில் 1924 முதல் மகளிர் நல மையத்தை நடத்தியவர்களுள் தலையாயவரான மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் இக்கேள்வியைத் தொடர்ந்து எழுப்பினார். கருத்தடைக்கு வந்த பெண்களைச் சோதித்தபோது, முந்தைய பிரசவங்களில் கிழிந்து தைக்கப்படாத புண்களும், ‘அடி இறங்குதல்’ என்று பேச்சு வழக்கில் சொல்லும் கருப்பை இறக்கமும், காலில் நரம்பு புடைத்து நிற்பதும், சொத்தைப் பற்களும் அம்மைய மருத்துவர்களின் கண்ணில் பட்டன. 1933இல் அமைந்த மகளிர் உடல்நல விசாரணைக் குழு 1,250 மணமான பெண்களிடம் திரட்டிய விவரங்களை அவர் 1939இல் ‘உழைக்கும் வர்க்க மனைவியர்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். அவர்களுள் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர் மூன்றில் ஒரு பங்கினர் என்ற அளவே. பெரும்பாலோர் தம் நோயை நோயாகவே எண்ணவில்லை. பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டிருந்தனர். அரசின் கணக்கில் செத்த தாய் இருந்தாள். சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தவள் இல்லை. இந்நூலின் தனிச்சிறப்பு அவளையும் எண்ணிக்கையில் சேர்த்ததே ஆகும்.

தாய்மார் மரணம் இறுதியில் குறைந்தது வேறு வழிகளால். 1936இல் லண்டன் ராணி சார்லட் மருத்துவமனையில் லெனர்ட் கோல்புரூக் சோதித்த பிரான்டோசில் என்னும் சல்பா மருந்து பிரசவ ஜன்னியைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம், சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஏற்பாடு செய்வதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. 1939க்குள் மரண விகிதம் 1000க்கு 3ஐ ஒட்டி இறங்கியிருந்தது. மனைவிக்கும் மருத்துவர் என்ற உரிமையோ 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய மருத்துவ சேவை நடைமுறைக்கு வந்தபோதே கிட்டியது. ஆண்டுக்கணக்கில் கருப்பை இறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்த்த பெண்கள் அப்போதுதான் சிகிச்சைக்கு வந்தனர். கருத்தடை ஆலோசனையை உடல்நலக் காரணமோ மணமோ கேளாமல் வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்த சட்டம் 1967இல் நிறைவேறியது, அதுவும் கடமையாக்கவில்லை. தேசிய மருத்துவ சேவை அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக் கட்டணமின்றி எல்லாப் பெண்களுக்கும் வழங்கத் தொடங்கியது 1974இல்.